கல்லில் எழுத ஓர் ஊர்

அக்டோபர் 5, 2004, செவ்வாய்

காலையில் நூடுல்ஸ் கடைக்காரன் பழைய தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தான். திருப்பி அனுப்பினேன். பானையில் புதிதாகக் கொதிக்கும் முதல் தண்ணீருக்காகத்தான் இருட்டோடு எழுந்து போகிறோம். மாவு கரைந்து கூழான தண்ணீரில் வெந்ததைத் தின்பதற்கு எட்டு மணிக்கு எழுந்தால் போதுமே.

"மேடம், உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ!" என்றான்.

நாக்கு இருக்கிறது. தெரிகிறது.

எதிரில் பெய்ஜென் அதே நூடுல்ஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்திருந்தாள். "நல்லாத்தானே இருக்கு வான்ரு?" இவளுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கான்வென்ட்டில் கல் பொறுக்காத அரிசியையும் நல்லா இருக்கு என்றவள். இத்தனை வருஷத்தில் ஒரு சாப்பாட்டையும் அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். மேற்கு மலைச்சரிவில், எங்கள் கல்லறைக்கு இரண்டு வரிசை தள்ளி, தனக்கும் ஓர் இடம் வாங்கியிருக்கிறாள். கல் வெட்டுகிறவன் பெயர் கேட்டானாம், பிறந்த வருஷம் கேட்டானாம், சொந்த ஊர் கேட்டானாம். டிசம்பரில் நீண்ட இரவு வரும் குளிர்கால உச்சிநாளுக்குள் கல் நட வேண்டும், நவம்பர் முடிவதற்குள் ஊரைச் சொல்லுங்கள் என்றானாம்.

"ஷாங்காய்னு போட்டுடவா? கான்வென்ட் அங்கதானே இருந்துது."

"கான்வென்ட் ஊராகுமா?"

"அப்ப காலியா விட்டுடறேன்."

காலியாகவா? கல்லிலா? எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. மேஜையைத் தட்டிவிட்டேன். நீ சொல்லுவியே அந்த விருந்து, அது எந்த ஊருதுன்னு நான் கண்டுபிடிக்கறேன், நாக்கால கண்டுபிடிக்கறேன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

சொல்லியாகிவிட்டது. இனிச் செய்ய வேண்டும்.

அக்டோபர் 7, வியாழன்

சாலையெங்கும் ஒஸ்மாந்தஸ் பூ. இந்த வாசம் வந்தால் எனக்கு விடுதிதான் நினைவுக்கு வரும். கன்னியர் மடத்து முற்றத்தில் ஒரே ஒரு மரம் இருந்தது. சண்டைக் காலத்தில் அரைவயிறு சாப்பாடு. சாப்பிட்ட பிறகும் பசிக்கும். மரத்தடியில் உட்கார்ந்து வாயாலேயே விருந்து சமைப்போம். ஒவ்வொருத்தியும் "எங்க ஊர்ல" என்று ஆரம்பிப்பாள். எங்க ஊர்ல நண்டுக்கு இஞ்சி இப்படி நறுக்க மாட்டாங்க. எங்க ஊர்ல பன்றி விலாவுக்குக் கற்கண்டு போடுவாங்க. எல்லாரும் கால்வாய்க்கரை ஊர்ப் பெண்கள், எல்லாருக்கும் கர்வம். எனக்குச் சற்றே அதிகம். சூஜோவ்க்காரிக்கு இருக்கக் கூடாதா?

பெய்ஜென் மட்டும் "ஒரு ஊர்ல" என்று ஆரம்பிப்பாள். கதை சொல்கிற மாதிரி. நாங்கள் சிரிப்போம்.

முப்பத்தேழில், ஜப்பான் படை வந்து ஊர் ஊராக எரிந்த அந்தக் குளிர்காலத்தில், படகில் வந்த ஒருத்தி அவளை மடத்து வாசலில் விட்டுப் போனாள். ஐந்து வயது. அந்தப் பெண் யார் என்று மதருக்கும் தெரியாது.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன். ஒரு ஊர்ல ஒரு பெரிய முற்றம். படித்துறையில் படகு மேல் படகு. முற்றம் கொள்ளாத மேஜைகள். என் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தலையைத் தடவினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். முதலில் ஒரு கிண்ணம் வந்தது. வெள்ளையாக, ஆடிக்கொண்டு. சிஸ்டர்கள் ஈஸ்டருக்குச் செய்யும் பால் புட்டிங் மாதிரி, ஆனால் இனிப்பில்லை, சூடு. கறுப்பாக நூல் நூலாக ஏதோ. பொடிப்பொடியாகக் கடிபட ஏதோ. வாசம் — பூசையில் ஃபாதர் குடிக்கிற மது மாதிரி.

அந்தக் கடைசி வரிக்காக சிஸ்டர் அவளை ஒருநாள் முழங்காலில் நிறுத்தினார்.

சிவப்புத் துணி என்றால் கல்யாணம், அல்லது புத்தாண்டு. படித்துறை என்றால் கால்வாய்க்கரை ஊர். அதுவரை சந்தேகமில்லை. எந்த ஊர்?

அக்டோபர் 12, செவ்வாய், வூஷி

விலாவில் சர்க்கரை. இறாலில் சர்க்கரை. ஆவியில் வெந்த கொழுக்கட்டைக்குள் இருக்கும் சாறிலும் சர்க்கரை. எங்கள் ஊரையே இனிப்பு என்பார்கள், இவர்கள் உப்பு ஜாடியைத் தொலைத்துவிட்டவர்கள். ஏரி வெள்ளிமீன் கஞ்சி வெள்ளைதான், ஆடவும் செய்தது. மது வாசம் இல்லை. பெய்ஜென் சொன்னது இனிக்கவே இனிக்காத ஒன்று.

வூஷி இல்லை.

அக்டோபர் 13, புதன்

மகன் போனில்: "இந்த வயசுல தனியா பஸ்ல எதுக்கும்மா அலையறே?" சாப்பிடத்தான் என்றேன். உண்மைதானே.

அக்டோபர் 20, புதன், யாங்ஜோவ்

காலைத் தேநீர்க் கடையில் கூட்டம். இங்கே காலை என்றால் பதினோரு மணிவரை. கொதிநீர் ஊற்றிப் பதமாக்கிய டோஃபு இழைகள், மூன்று விதக் கறி வைத்த ரொட்டி, பச்சைக் கீரைப் பொட்டலம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், கால்வாய் மதகு வேலைக்காக இங்கே வந்து தங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டி வாங்கி வருவார். வீடு வருவதற்குள் ஆறிப் போயிருக்கும், ஆறியதைச் சாப்பிட மாட்டேன் என்பேன். பிறகு சாப்பிடுவேன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

மதியம், மயிரிழையாக நறுக்கிய டோஃபு சூப் வந்தது. வெள்ளை உண்டு, கறுப்பு நூலும் உண்டு, மரக்காளான். ஆனால் இது ஆடவில்லை, மிதந்தது. பரிமாறியவனைக் கூப்பிட்டேன்.

"இதுல மது ஊத்துவீங்களா?"

"அய்யோ பாட்டி, சூப்பு கெட்டுடும்."

"நான் உனக்குப் பாட்டியில்ல. எங்கயாவது ஊத்துவாங்களா?"

"ஊத்தினா அவங்களுக்கு சமைக்கத் தெரியலன்னு அர்த்தம், பெரியம்மா."

பையனுக்கு வாய் அதிகம். ஆனால் பதில் சரி.

அக்டோபர் 21, வியாழன், ஹுவாய்ஆன்

இங்கேயும் ஒரு டோஃபு. சன்னச் சன்னமான துண்டுகள், மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். ஆவியே தெரியவில்லை. ஆறிப்போனது என்று நினைத்து ஒரு வாய் வைத்தேன் — நாக்கு வெந்துவிட்டது. ஆராய்ச்சிக் கருவிக்கே சேதம்.

போனில் சொன்னபோது பெய்ஜென் கத்தினாள். "நாக்கு சுட்டுதா? எனக்கும் சுட்டுது வான்ரு! ஞாபகமிருக்கு, அழுதேன்!"

"மது வாசம் இல்லடி."

"சின்னக் குழந்தை சொன்ன வாசத்த நம்பாத. ஹுவாய்ஆன்னே போட்டுடலாம். நல்ல பேருதான்."

"நல்ல பேரா? சட்டைத் துணியா எடுக்கறே, இது நல்லாருக்கு அது நல்லாருக்குன்னு?"

அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏதோ ஒரு ஊரு வான்ரு. யார் வந்து படிக்கப் போறா? எனக்குப் பின்னால யாரு இருக்கா?"

போனை வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் கிண்ணத்தில் பாதி இருந்தது. மிச்சம் வைப்பது எனக்குப் பிடிக்காது. வைத்துவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 2, செவ்வாய், இறந்தோர் நாள்

அவருக்காகப் பூசை வைத்தேன். அவர் ஞானஸ்நானம் பெறாதவர். ஃபாதருக்குத் தெரியும், கேட்க மாட்டார்.

அவருடைய ஊர் ஷாவ்ஷிங். அந்த ஊர்க்காரர்கள் கீரைத்தண்டை ஜாடியில் போட்டு அழுகவிட்டு, அது நாறிய பிறகு அமிர்தம் என்று சாப்பிடுவார்கள். ஜாடியை நான் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. சாதக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அங்கே நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவார். பொற்கொல்லன் மாதிரி நுணுக்கமாக வேலை செய்யும் மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, அந்த நாற்றத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இப்போது படியேறும்போது அந்த இடத்தில் வாசம் ஏதும் இல்லை. அது எனக்குப் பழகவில்லை.

பூசை முடிந்ததும் பெய்ஜென் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வெளியே வந்ததும் கேட்டேன், என்னத்தடி இத்தனை நேரம்?

"அந்தக் கிண்ணம்தான்."

"இன்னுமா!"

அந்த விருந்தில் அவள் சூப் குடித்த கிண்ணத்தைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டாளாம். ஒரு மாமா பார்த்தாராம், அடிக்கவில்லை, சிரித்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டாராம். முதல் பாவசங்கீர்த்தனத்திலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஃபாதர்கள் மாறினார்கள், திருட்டு மாறவில்லை.

"திருப்பிக் குடுக்க முடியாத திருட்டு மன்னிக்கப்படுமான்னு எனக்கு சந்தேகம்" என்றாள். "யாருகிட்ட குடுக்கறது? ஊரே தெரியாதே."

கல் வெட்டுகிறவன் மறுபடி போன் செய்தானாம்.

நவம்பர் 9, செவ்வாய், ஹாங்ஜோவ்

புளிக்காடி ஊற்றிய ஏரிமீன். மண் வாசனை. வழுவழுப்பான நீர்க்கீரை சூப்பைக் குடித்தபோது கிண்ணத்துக்குள் தவளை இருக்குமோ என்று தோன்றியது. மீன் கஞ்சி நல்ல கஞ்சி. ஆனால் மஞ்சள்.

ஹாங்ஜோவும் இல்லை. இன்னும் ஒரே ஒரு ஊர்தான் மிச்சம். கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து மேஜைக்கு வரத் தகுந்தது எதுவும் கிடையாது என்று நாற்பது வருஷம் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 11, வியாழன், ஷாவ்ஷிங்

ரயிலிலிருந்து இறங்கியதுமே வாசம். ஊரே மது வடிக்கிறது. வடித்த பிறகு அடியில் தங்கும் மண்டி காயும் வாசம் காற்றில். பூசை வாசம்! நான் என்ன முட்டாளா? அவர் இருந்திருந்தால் பெய்ஜென் வாய் திறந்ததுமே சொல்லியிருப்பார். ஆனால் அவரிடம் அவள் சொன்னதில்லை, அது எங்கள் விடுதிக் கதை.

கால்வாயோரம் லூ அம்மாள் என்று ஒருத்தியின் சாப்பாட்டுக் கடை. மாடியில் ஓர் அறையும் வாடகைக்கு, எடுத்துக்கொண்டேன். நல்ல கை. எண்ணெயில் உலர்கீரை போட்டு வெந்த பன்றிக்கறியை நான் குறை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மிடுக்காகக் கேட்டேன்.

"வெள்ளையா, ஆடற மாதிரி, கெட்டியா ஒரு சூப். மரக்காளான் நூல் நூலா. மூங்கில் குருத்து பொடிப்பொடியா. மது மண்டி போட்டு எறக்கறது. விருந்துல முதல் கிண்ணம். பண்ணித் தருவீங்களா?"

கரண்டி நின்றது. அடுத்த மேஜைக்காரர்கூடத் திரும்பினார். லூ அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பம்மா ஆச்சு?"

"என்னது எப்ப?"

"சாவு."

"யாரு சாவு? என் சிநேகிதிக்காகக் கேக்கறேன். அவ சூஜோவ்ல நல்லா உக்காந்திருக்கா."

"தூ! தூ! தூ!" மூன்று தரம் வாசல் பக்கம் துப்பினாள். "உயிரோட இருக்கறவளுக்கா இதக் கேக்கறீங்க? அது புதைச்சிட்டு வந்து உக்காந்ததும் வைக்கற முதல் கிண்ணம்மா. டோஃபுவ மசிச்சு மண்டி ஊத்தறது. சாதா நாள்ல இத அடுப்புல ஏத்தினா நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க!"

இழவு வீட்டு டோஃபு எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரில் அது வறுத்த துண்டு, சோயா நிறம். அவர் போனபோது ஓட்டலில் அதைத்தான் வைத்தார்கள். என் பெற்றோருக்குப் பூசையோடு சரி. அவருடைய பெற்றோர் அறுபத்தேழில் போனார்கள், கலாச்சாரப் புரட்சி நடந்த அந்த வருஷங்களில் யாரும் எந்தச் சடங்குச் சாப்பாடும் போடவில்லை. ஆக இந்த வெள்ளைக் கிண்ணத்தை நான் பார்த்ததே இல்லை.

ஊர் கிடைத்துவிட்டது.

விருந்து போய்விட்டது.

நவம்பர் 12, வெள்ளி

போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அவதான். எடுக்கல.

என்னன்னு சொல்றது? அடியே, உன் வாழ்க்கையிலேயே நல்லா இருந்த ஒரே நாளு — அன்னிக்கு உங்க வீட்டுல பொணம் விழுந்துது — அப்படின்னா? ஏதோ ஒரு படகுக்காரி கொண்டுவந்து விட்ட குழந்தை. அம்மா இல்லாத குழந்தை. அப்படின்னா யாரு செத்தது? வேற யாரு?

அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து சாப்பிட்டதை எழுபது வருஷம் விருந்து என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பசித்த நேரத்தில் அதை எங்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்திருக்கிறாள். நாங்களும் நாக்கில் எச்சில் ஊறக் கேட்டோம்.

ஊரை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்கலாம். அவள் கேட்பாள். என்ன பண்டிகைக்கு வைப்பாங்க வான்ரு? எனக்குப் பொய் வராது. வராது என்பதைக் குணம் என்றே நினைத்திருந்தேன்.

சிவப்புத் துணி மட்டும் இடிக்கிறது. இழவு வீட்டில் பிள்ளைக்கு வெள்ளைதான் கட்டுவார்கள். ஐந்து வயது, மறந்திருப்பாள்.

நவம்பர் 13, சனி

லூ அம்மாள் கஞ்சி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். நேற்று நான் சாப்பிட இறங்கவில்லையாம். கதையைச் சொன்னேன். கிண்ணம் திருடியது, சிவப்புத் துணி எல்லாம். யாரிடமும் நான் இப்படிச் சொல்வதில்லை. அவள் மறுபடி துப்புவாள் என்று நினைத்தேன். தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

"நாளைக்கு என்கூட வாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் தையக்காரர் வீட்டுக் கிழவி, தொண்ணூத்து மூணு, தூக்கத்துலயே போயிட்டா. நீங்களே பாத்துக்குங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

"அழைக்காம எப்படிப் போறது?"

"நிறைஞ்ச ஆயுசுக்கு யாரும்மா அழைப்பு வைப்பா? முன்ன பின்ன தெரியாதவங்க வந்தா அவங்களுக்குப் பெருமை. திரும்பறப்ப வெறுங்கையா மட்டும் வராதீங்க. அகலமா ஒரு கோட்டு போட்டுக்குங்க."

எதற்கு என்று சொல்லவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

பூசை தவறியது. காரணம் கடவுளுக்குத் தெரியும்.

சந்து முழுக்க மேஜை. ஊதுகுழல்காரர்கள் அழுகையா கல்யாணமா என்று தெரியாத ஒரு மெட்டை வாசித்தார்கள். முன்பின் தெரியாத வீட்டில், தெரியாத பிணத்துக்கு, நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒருவர் என் கையில் மிட்டாய் வைத்தார்.

கிண்ணம் வந்தது. வெள்ளை. ஆடியது. கறுப்பு நூல். பல்லில் மூங்கில் குருத்து. கடைசியில் அந்த வாசம், தொண்டைக்குள் போன பிறகு மேலேறி வருகிற வாசம். ஒஸ்மாந்தஸ் மரத்தடியில் நான் ஆயிரம் தடவை சாப்பிட்டது இதுதான். சந்தேகமே இல்லை. எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

அப்போது குழந்தைகள் ஓடிவந்தார்கள், நாலைந்து பேர். பெரியவர்கள் எல்லாரும் வெள்ளையில் இருக்க, இதுகள் தலையில் மட்டும் பளீரென்று சிவப்புத் துணி.

லூ அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதுங்களுக்கு ஏன் சிவப்பு?"

"பேரனுக்குப் பொறந்ததுங்க. நாலாம் தலைமுறை. அதுங்களப் பாத்துட்டுப் போனவங்களுக்கு எதுக்கு அழுகை? அதுங்களுக்கு வெள்ளை கட்ட மாட்டோம். ஆயுசு தங்கட்டும்னு வந்தவங்கள்லாம் தலையத் தடவுவாங்க, பாருங்க."

பார்த்தேன். எல்லாரும் தடவினார்கள்.

"இப்ப கிண்ணத்த எடுங்க" என்றாள் காதில்.

"எங்க எடுக்கறது?"

"கோட்டுக்குள்ள! கேட்டு வாங்கினா பலிக்காது, அவங்களும் குடுக்கக் கூடாது. எம்பது தாண்டினவங்க சாவுல மட்டும்தான் இது. திருடிட்டுப் போற வீட்டுக்கு அந்த ஆயுசு வரும். சின்ன வயசுல போனவங்க வீட்டுல ஒரு கரண்டியக்கூட தொட மாட்டாங்க."

நான் மதரின் கையால் நன்னடத்தைப் பதக்கம் வாங்கியவள். சுற்றிலும் பார்த்தேன். கிண்ணத்தைத் துடைத்தேன். உள்ளே தள்ளினேன். நிமிர்ந்தால் எதிரில் தையல்காரர், வீட்டின் மூத்த மகன், என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிரித்தார். வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

பெய்ஜென், உன் மாமா.

நவம்பர் 15, திங்கள்

மிட்டாயை வீடு சேர்வதற்குள் தின்றுவிட வேண்டுமாம். சூஜோவ் ரயிலடியில் நின்று தின்றேன். மட்டமான மிட்டாய்.

நவம்பர் 16, செவ்வாய்

அவள் சமையலறையில் கோட்டைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. சாவு என்ற இடத்தில் அவள் நாற்காலியைப் பிடித்தாள். சிவப்புத் துணி வந்ததும் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் திருடல?"

"திருடினே. திருடணும்."

"வான்ரு! எத்தனை ஃபாதர்கிட்ட எத்தனை அருள்நிறை மந்திரம்! எல்லாத்தையும் திருப்பிக் கேக்கணும்டி!" சிரித்தாள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு, "நாலு தலைமுறையா? எங்க வீட்டுலயா?"

"நீதான் நாலாவது."

"அப்ப எங்க அம்மா... அன்னிக்கு இருந்திருப்பா இல்ல?"

"உன் தலையில அந்தத் துணிய வேற யார் கட்டியிருப்பா?"

"நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாத எதையாவது நான் சொல்லியிருக்கிறேனா என்று கேட்டேன்.

யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரோ கட்டியிருப்பார்கள். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதில்லை.

நவம்பர் 17, புதன்

கல் வெட்டுகிறவனுக்கு அவளே போன் செய்தாள். ஊர்ப்பெயரை இரண்டு முறை சொன்னாள்.

டிசம்பர் 20, திங்கள், உச்சிநாளுக்கு முந்தைய நாள்

காலையில் மலைக்குப் போய்க் கல்லைப் பார்த்தோம். உயிரோடு இருப்பதால் பெயருக்குச் சிவப்பு மை. ஊருக்குக் கறுப்பு. வெட்டு நேராக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு எழுத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் ஊரே மூதாதையருக்குப் படைக்கிற நேரம். நானும் அடுப்பேற்றினேன். லூ அம்மாள் ரயிலில் அனுப்பிய மண்டி. டோஃபுவை மசித்து, வடிகட்டி, மூங்கில் குருத்தைக் கடுகளவு நறுக்கி — என் கையே எனக்குத் திருப்தியாக இருந்த சில நாட்களில் இது ஒன்று. திருடின கிண்ணத்தில் ஊற்றினேன். முதலில் யாருக்கென்று பெயர் தெரியாததால் பெயர் சொல்லாமல் படைத்தாள். பிறகு எடுத்து ஊதாமல் வாயில் வைத்தாள். நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

நான் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தேன். நல்லா இருக்கு என்பாள், வேறென்ன சொல்வாள்?

கரண்டியைக் கீழே வைத்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"மண்டி கம்மி" என்றாள். "எங்க ஊர்ல இன்னும் தூக்கலாப் போடுவாங்க."

எழுந்துபோய் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.